மலைநாட்டுச் சாப்பாட்டுக் கடைகளும் நமது நினைவெழுத்தும்

மலைநாட்டு நகரங்களைப் பற்றிய நினைவுக் கட்டுரைகளில் ஒரு வகை உண்டு. நுவரெலியாவிலோ ஹட்டனிலோ முன்னொரு காலத்தில் நடந்து, பின்னர் மூடப்பட்டுவிட்ட ஒரு குடும்பச் சாப்பாட்டுக் கடையே அவற்றின் பொருள். தோசைக் கல்லிலிருந்து எழுந்த மணம் வரும். பனிக் காலையில் கைக்கு இதமாயிருந்த பித்தளைத் தம்ளர் வரும். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் திருநீறு துலங்க வீற்றிருந்த முதலாளியின் முகம் வரும். சுவரிலே தொங்கிய முருகன் படமும் வரும். கட்டுரையின் கடைசிப் பத்தியில், 'காலம் மாறிற்று. கடையும் மூடப்பட்டது' என்றொரு வாக்கியம் வரும். அதற்கு மேல் ஒன்றும் வராது.

இத்தகைய எழுத்தை ஏளனம் செய்ய நாம் முன்வரவில்லை. உண்ட உணவின் ருசியை ஒருவன் ஐம்பது ஆண்டுகள் மறவாதிருப்பதிலே இழிவு எதுவும் இல்லை. பசியறிந்த மக்களின் இலக்கியத்திலே சோற்றுக்குத் தனி இடம் உண்டென்பதைப் புறநானூறு முதலாகவே காண்கின்றோம். ஆயினும் அந்தக் கடைசி வாக்கியத்தை நம்மால் ஏற்றுக்கொள்ள இயலவில்லை. காலம் தெருவில் இறங்கி வந்து எவருடைய கடையையும் பூட்டுவதில்லை. மலைநாட்டில் அந்தக் கடைகளைப் பூட்டிய கைகள் இன்னின்னவை என்று சுட்டிக் காட்டக்கூடியவை. அவற்றுள் சில சட்டப் புத்தகத்திலே இருக்கின்றன. சில இரு நாட்டுப் பிரதமர்களின் கையொப்பத்திலே இருக்கின்றன. சில 1983-ஆம் ஆண்டின் தீயிலே இருக்கின்றன. இவற்றைச் சொல்லாத எழுத்து, வாசகனுக்கு ருசியைத் தந்துவிட்டு அவனிடமிருந்து காரணத்தை மறைத்துக்கொள்கிறது. நம்முடைய வழக்கு இதுதான்.

கடை எவ்வாறு தோன்றிற்று என்பதிலிருந்தே தொடங்குவோம். 1869-இல் தலைகாட்டிய இலைநோயினால் கோப்பிப் பயிர் அழிந்து, அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. புகையிரதப் பாதை 1884-இல் ஹட்டனையும், அடுத்த ஆண்டில் நானுஓயாவையும் எட்டியது. தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதற்கென இடப்பட்ட தண்டவாளம், திரும்பி வருகையில் அரிசி மூட்டைகளையும் வியாபாரிகளையும் மேலே கொண்டுவந்தது. திருநெல்வேலி, இராமநாதபுரம் முதலிய ஜில்லாக்களிலிருந்து வந்தவர்கள் துணிக்கடையும் மளிகைக் கடையும் வைத்தார்கள். சாப்பாட்டுக் கடையும் வைத்தார்கள். மலையாளக் கரையிலிருந்து வந்தவர்கள் தேநீர்க் கடை வைத்தார்கள். தோட்டங்கள் மலையெங்கும் பரந்து கிடந்தன, கடைவீதியோ ஒன்றுதான். சம்பள நாளை அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த வீதியே திருவிழாக் கோலம் பூண்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமையின் பொருளை நினைவெழுத்தாளர்கள் 'கூட்டம் அலைமோதியது' என்ற இரண்டு சொற்களில் கடந்துவிடுகிறார்கள். தோட்டத் தொழிலாளிக்கு அரிசி தோட்ட நிர்வாகத்தின் மூலமாகவே வந்தது. அதன் விலை சம்பளத்திலே கழிக்கப்பட்டது. கடனைச் சீட்டில் எழுதி ஆளோடு சேர்த்துக் கைமாற்றிய 'துண்டு' முறை 1921-இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. எனினும், பெரிய கங்காணிக்கும் தோட்டத்துக் கடைக்கும் பட்ட கடன் அத்துடன் ஒழிந்துவிடவில்லை. தான் உண்பதை வேறொருவன் கணக்கிலே எழுதிக்கொள்ளும் வாழ்வு அது. அத்தகைய வாழ்விலிருந்து இறங்கி வந்த ஒருவன் கைக்காசைக் கொடுத்து, பெஞ்சியில் அமர்ந்து, தான் கேட்டதைத் தன் முன் கொண்டுவந்து வைக்கச் செய்தான். அவன் அந்த அரை மணி நேரம் எவருடைய கூலியாகவும் இருக்கவில்லை. நல்ல தூள் கப்பலேறிவிட, லயத்திலே கழிவுத் தூளின் சாயத்தைக் குடித்த கொழுந்துக்காரிக்கு, பால் கலந்த தேநீர் ஒரு கிளாஸ் கிடைத்ததும் அந்தக் கடையிலேதான். ருசி என்று நம் கட்டுரையாளர்கள் எழுதுவதன் முழுப் பொருளும் இங்கேயே இருக்கிறது. கங்காணியின் கடனேட்டை அருகில் வைத்துப் பார்த்தாலன்றி அந்தத் தேநீரின் ருசி விளங்காது.

அதற்காக அந்தக் கடையைச் சமத்துவத்தின் ஆலயமாக்கிவிடவும் நாம் ஆயத்தமாயில்லை. 'தோட்டக்காட்டான்' என்ற இழிசொல் கடைவீதிகளிலும் புழங்கிய சொல். எந்த மேசை யாருக்கு, எந்தக் கிளாஸ் யாருக்கு என்ற பேதங்கள் ஊர்விட்டு ஊர் வந்த சாதியோடு சேர்ந்து கப்பலேறி வந்தவை. கடை முதலாளி கிராமத்திலிருந்து கொண்டுவந்த சாதியும், தொழிலாளி கிராமத்திலிருந்து கொண்டுவந்த சாதியும் அந்தக் கடைவாசலில் சந்தித்தன. அச்சந்திப்பு எப்போதும் இன்முகத்தோடு நிகழ்ந்ததென்று எழுதுவது பொய்.

இனி அடுக்களைக்குள் நுழைவோம். நினைவெழுத்து மிக அரிதாகவே நுழையும் இடம் அது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலே இருக்கிறது. அங்கே தண்ணீர் 100 பாகையில் அல்ல, ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஆகவே பருப்பு வேக நேரம் பிடிக்கும். விறகு கூடுதலாகச் செலவாகும். சமவெளியில் ஓரிரவில் பொங்கிவிடும் தோசை மாவு, மலைக் குளிரிலே அசையாமல் கிடக்கும். மாவுப் பாத்திரத்தை அடுப்பங்கரையில் வைத்து, சாக்கினால் போர்த்து, நள்ளிரவில் எழுந்து தணலைக் கிளறிவிட ஓர் ஆள் வேண்டும். ஆட்டுக்கல்லில் மாவரைக்கப் பின்னிரவிலே குளிர்ந்த நீரில் கையிட ஓர் ஆள் வேண்டும். முதல் பேருந்துக்கு வருவோனுக்குச் சுடுநீர் ஆயத்தமாயிருக்க, விடியுமுன் விறகு பிளக்க இன்னோர் ஆள் வேண்டும். காலை ஏழு மணிக்கு வாழையிலையில் வந்து விழுந்த தோசையின் வரலாறு, முதல் நாள் மாலையிலே தொடங்கிவிட்ட உழைப்பின் வரலாறாகும்.

அந்த ஆட்கள் யார்? குடும்பக் கடை என்ற இனிய சொல் இங்கேதான் திரையாகத் தொங்குகிறது. அந்தச் சொல்லுக்குள் இரு வகைப்பட்ட உழைப்பு மறைந்து கிடக்கிறது. வீட்டுப் பெண்களின் உழைப்பு ஒன்று. மாவரைத்ததும் மசாலை வறுத்ததும் பாத்திரம் ஒப்பேற்றியதும் அவர்களே. கடையின் பெயர்ப் பலகையில் ஆண் பெயரோ தெய்வத்தின் பெயரோதான் இருந்தது. லாபத்திலே அவர்களுக்குப் பங்கென்று ஒன்று பேசப்பட்டதில்லை. அது 'வீட்டு வேலை'. மற்றொன்று பையன்களின் உழைப்பு. ஊரிலிருந்து உறவென்று அழைத்துவரப்பட்டவனும், தோட்டத்து லயத்திலிருந்து 'சாப்பாடாவது கிடைக்கட்டும்' என்று விடப்பட்டவனும், இரவில் மேசைகளை ஒன்று சேர்த்து அவற்றின் மேலே படுத்துறங்கினார்கள். அவர்களை முதலாளி 'என் பிள்ளை மாதிரி' என்றார். பிள்ளைக்குச் சம்பளப் பட்டியல் எதற்கு? 1954-ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் வேலை நேரத்தையும் விடுமுறையையும் வரையறுத்தது. ஆனால், பிள்ளை மாதிரி இருப்பவன் சட்டத்தைக் காட்டி லீவு கேட்பானா? முதலாளி கொடியவராயிருந்தார் என்பதல்ல நம் கருத்து. அவரும் மொத்த வியாபாரிக்குக் கடன்பட்டு, பொழுது விடியுமுன் எழுந்து, நெஞ்சிலே சளி கட்டிக்கொண்டு உழைத்தவராகவே பெரும்பாலும் இருந்திருப்பார். சிறு உடைமையாளனின் வாழ்வு இரு பக்கமும் கூரான கத்தி. அவனும் உழைக்கிறான், அவனும் பிறர் உழைப்பை உண்கிறான். இந்த இரட்டைத் தன்மையைச் சித்திரிப்பதே யதார்த்தம். நம் நினைவெழுத்தோ ஒரு பக்கத்தை மட்டும் துடைத்து மினுக்கி வைக்கிறது.

நமது படைப்பிலக்கியம் இதனை எவ்வாறு கண்டது? புதுமைப்பித்தன் 1935-இல் எழுதிய 'துன்பக்கேணி' தாழ்த்தப்பட்ட பெண்ணொருத்தியை இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்று காட்டியது. அதே ஆசிரியரின் 'மனித யந்திரம்' கடைக் கணக்குப்பிள்ளை ஒருவரின் கதை. பெட்டிப் பணத்தை எடுத்துக்கொண்டு கொழும்புக்கு ஓடிவிட எண்ணி ரயில் நிலையம் வரை சென்று, மனம் துணியாது திரும்பிவிடுகிறார் அவர். இவ்விரண்டையும் நாம் சேர்த்துப் படிக்க வேண்டும். திருநெல்வேலிச் சீமையின் உழைப்பாளிக்கு இலங்கை துன்பக் கேணியாகவும், அதே சீமையின் கடைக் குமாஸ்தாவுக்கு முதலாளியாகும் கனவாகவும் ஒரே சமயத்தில் தோற்றமளித்திருக்கிறது. மலைநாட்டுக் கடைவீதி இவ்விருவரும் மீண்டும் எதிரெதிரே சந்தித்த இடம். அந்தச் சந்திப்பை எழுதும் கதையைப் புதுமைப்பித்தன் எழுதவில்லை.

மலையகத்தின் சொந்த எழுத்தாளர்கள் தோன்றியபோது அவர்கள் முதலில் பார்த்தது தேயிலைக் காட்டையும் லயத்தையுமே. அது முற்றிலும் நியாயம். சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மக்களின் பாடல்களைத் தொகுத்தார். அவர்களின் வாழ்வை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதினார். என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' கொழுந்து பறிப்பவளின் கைத்திறனையும் தன்மானத்தையும் நிலைநாட்டியது. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை', நந்தியின் 'மலைக்கொழுந்து', தெளிவத்தை ஜோசப்பின் சிறுகதைகள் என்று அந்த வரிசை நீளும். இவற்றிலே தோட்டம் பேசுகிறது. டவுன் எனப்படும் கடைவீதியோ பெரும்பாலும் அடிவானத்திலேயே நின்றுவிடுகிறது. தொழிலாளி அங்கே போகிறான், வருகிறான். அங்கே அவனுக்கு எதிரே நிற்கும் பையனும் தன் வர்க்கத்தவனே என்ற கண்டுபிடிப்பு போதிய அளவு நிகழவில்லை என்றே நாம் கருதுகிறோம்.

யாழ்ப்பாணத்தோடு ஒப்பிட்டால் இது விளங்கும். அங்கே 1957-ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டத்துக்குப் பின்னரும் தேநீர்க் கடைகள் ஒடுக்கப்பட்ட மக்களுக்குச் சம ஆசனம் தர மறுத்தன. 1960-களின் பிற்பகுதியில், இடதுசாரிகளின் முன்முயற்சியுடன், ஆலயப் பிரவேசத்தோடு தேநீர்க் கடைப் பிரவேசமும் போராட்டமாயிற்று. உயிர்களும் பலியாயின. அந்தப் போராட்டங்களின் சூட்டிலே பிறந்ததுதான் கே. டானியலின் 'பஞ்சமர்'. ஒரு கிளாஸ் தேநீருக்காக மக்கள் போராடிய இடத்திலே தேநீர்க் கடை இலக்கியத்தின் மையத்துக்கு வந்தது. மலைநாட்டிலே தேநீரைப் பறித்தவர்களின் போராட்டம் தொழிற்சாலை வாசலிலும் பிரட்டுக்களத்திலும் நடந்தமையால், கடை ஓரத்திலே தங்கிவிட்டது. மூடப்பட்ட பின்னரே, நினைவுப் பொருளாக அது எழுத்தில் ஏறிற்று.

அண்மைக் காலத்தில் உணவுக் கடையைப் பற்றி மிகப் பரவலாக வாசிக்கப்பட்ட தமிழ்க் கதை ஜெயமோகனின் 'சோற்றுக்கணக்கு'. 2011-இல் வந்தது. திருவனந்தபுரத்திலே கெத்தேல் சாகிப் காசைப் பார்க்காமல் சோறிடுகிறார். ஏழை மாணவன் உண்கிறான். பின்னாளில் பெட்டியிலே பணத்தைக் கொண்டுவந்து போடுகிறான். கதையின் வலிமையை மறுப்பது வீண். பசித்தவனின் இலையில் இறைச்சித் துண்டு விழும் கணத்தை எழுதத் தெரிந்த கை அது. ஆனால் அங்கே கணக்கு என்பது கொடுத்தவனுக்கும் உண்டவனுக்கும் இடையிலான அறத்தின் கணக்கு. அடுக்களையில் நின்றவர்களின் கூலிக் கணக்கு அந்தக் கதையின் மையத்துக்கு வெளியே நிற்கிறது. ஒரு சிறுகதை தன் எல்லையைத் தானே வகுத்துக்கொள்ளலாம், அதிலே தவறில்லை. இடர்ப்பாடு அதன் பின்னால் வருபவர்களிடமே இருக்கிறது. தத்தம் ஊரின் மூடப்பட்ட கடைக்கு ஒரு கெத்தேல் சாகிபைத் தேடிப் பிடித்து, கல்லாவிலே அமர்த்தி வைத்துவிட்டால் வரலாறு எழுதியாயிற்று என்று அவர்கள் எண்ணிவிடுகிறார்கள்.

வரலாறு எவ்வளவு கடினமானது என்பதைப் பாருங்கள். 1930-களிலேயே, ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையிலிருந்த தொழிலாளர் இயக்கம் மலையாளிகளுக்கு எதிரான பிரசாரமாகத் திரிந்தது. தேநீர்க் கடைக்காரனும் துறைமுகக் கூலியும் ஒரே பெயரால் விரட்டப்படலாயினர். தொழிலாளியின் பெயராலேயே தொழிலாளி துரத்தப்பட்ட முதற் பாடம் அது. அதன் பின் 1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் மலைநாட்டுத் தொகுதிகள் ஏழிலிருந்து இந்திய வம்சாவளியினர் பாராளுமன்றம் சென்றனர். நுவரெலியாவிலிருந்து எஸ். தொண்டமான் சென்றார், தலவாக்கலையிலிருந்து, நாம் மேலே குறிப்பிட்ட கவிஞர் வேலுப்பிள்ளையே சென்றார். மறு ஆண்டிலே 18-ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. இடதுசாரிக் கட்சிகள் எதிர்த்தும் அது நிறைவேறியது. 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்த மக்களுக்குப் பிரதிநிதி ஒருவரும் இல்லை.

கடைக்கும் பிரசாவுரிமைக்கும் என்ன தொடர்பென்று கேட்கலாம். தொடர்பு அடுப்படி வரை இருக்கிறது. அதே 1948-ஆம் ஆண்டின் 20-ஆம் இலக்கக் குடிவரவு, குடியகல்வுச் சட்டத்தின் கீழ், இந்தியப் பிரசைகளாகக் கருதப்பட்டோர் தற்காலிக வதிவிட அனுமதி பெற்றே இந்நாட்டில் தொழில் செய்யலாம் என்றாயிற்று. சமையற்காரன் தஞ்சாவூர்க்காரன், மாவரைப்பவன் இராமநாதபுரத்துக்காரன், முதலாளியின் மைத்துனன் ஊருக்குப் போய்த் திரும்ப வேண்டியவன். அனுமதியைப் புதுப்பிக்க மறுக்கும் ஒரு கடிதம் போதும், அடுக்களை வெறுமையாகிவிடும். 1950-களில் இவ்வாறு ஆளிழந்து நலிந்த கடைகள் கொழும்பிலும் இருந்தன, மலைநாட்டிலும் இருந்தன. அவற்றுக்கு எவரும் தீ வைக்கவில்லை. கண்ணாடி கூட உடையவில்லை. கந்தோரிலே ஒரு குமாஸ்தா முத்திரை குத்தாமல் விட்டார். அவ்வளவே. நினைவுக் கட்டுரைகளில் இது 'சமையற்காரர் ஊருக்குப் போய்விட்டார். அதன் பின் பழைய ருசி இல்லை' என்று வரும்.

1964 அக்டோபர் 30-ஆம் நாள் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நாடற்றவர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும், மிகுந்த 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று இரு அரசுகள் பங்கிட்டுக்கொண்டன. அந்த அரசிலே சமசமாஜக் கட்சியும் அமைச்சர் பதவிகளை ஏற்றிருந்தது என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும். மிகுந்தவர்களை 1974-இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். புறப்பட்டவர்களை ஏற்றிச் சென்ற புகையிரதத்துக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. ஹட்டனிலும் நானுஓயாவிலும் ஏறியவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியே நீலகிரிக்கும் பிற இடங்களுக்கும் சிதறினார்கள்.

ஒரு கடை முதலாளியால் மட்டும் கடையாவதில்லை. பெஞ்சியில் வந்து அமர்பவனாலும் அது கடையாகிறது. லயங்கள் வெறுமையாக வெறுமையாக, ஞாயிற்றுக்கிழமையின் கூட்டமும் இளைத்தது. கடனேட்டிலே எழுதப்பட்ட பெயர்கள் ஒவ்வொன்றாகக் கப்பலேறின. போகிற போக்கில் வந்து பாக்கியைத் தீர்த்துவிட்டுப் போனவர்களும் இருந்திருப்பார்கள். தீர்க்க வழியின்றி முகம் காட்டாமலே போனவர்களும் இருந்திருப்பார்கள். அந்தக் கடனேட்டை எவரேனும் பாதுகாத்து வைத்திருந்தால், எத்தனையோ நாவல்களை விட அது நமக்குப் பெரிய ஆவணமாயிருக்கும்.

1970-களின் முற்பகுதியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியர்களும் மாணவர்களும் வீட்டு முதியோரைக் கேட்டாலே போதும். அரிசியும் மாவும் சீனியும் தட்டுப்பட்டன. வாரத்தில் இரண்டு நாட்கள் சாப்பாட்டுக் கடைகளிலே சோறு பரிமாறலாகாது என்ற கட்டுப்பாடும் வந்தது. 1973, 1974-ஆம் ஆண்டுகளில் தோட்டங்களிலே பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. சோறு விற்கக் கூடாத சாப்பாட்டுக் கடையும், சோறு வாங்க இயலாத வாடிக்கையாளனும் ஒரே தெருவில் எதிரெதிரே நின்ற காலம் அது.

பின்னர் 1977 ஆகஸ்டும், 1983 ஜூலையும் வந்தன. 1983 ஜூலை 24 இரவு கொழும்பிலே தொடங்கிய படுகொலையும் தீவைப்பும், சில நாட்களுக்குள்ளேயே கண்டி, பதுளை, பண்டாரவளை, நுவரெலியா ஆகிய மலைநாட்டு நகரங்களுக்குப் பரவின. நுவரெலியாக் கடைவீதியின் தமிழர் கடைகள் எரிந்தன. அதன் பின் நடந்ததைப் பலர் அறியார். சேதமுற்ற சொத்துகள் அவசரகால விதிகளின் பேரில் அரசின் வசமாயின. எரிந்த சுவருக்குரியவன் தன் சுவரை மீளப் பெறுவதற்கு அரசின் அதிகாரசபையிடம் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டியதாயிற்று. சிலர் மீண்டும் கூரை வேய்ந்தார்கள். சிலர் இந்தியாவுக்கோ மேல்நாடுகளுக்கோ போனார்கள். சிலர் கடையிருந்த மண்ணை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, மக்கள் வீட்டுத் திண்ணையில் மிச்ச நாளைக் கழித்தார்கள். 'காலம் மாறிற்று' என்று இதற்குப் பெயரிடும் எழுத்தாளனை நாம் என்னென்பது? நல்லெண்ணத்தினாலேயே அவன் அவ்வாறு எழுதுகிறான் என்று ஒப்புக்கொள்கிறோம். பழைய புண்ணைக் கிளறலாகாது, சிங்கள நண்பர்களின் மனம் நோகலாகாது என்ற எண்ணம் அது. ஆனால் அந்த வாரத்திலே அண்டை அயலாரை வீட்டுக்குள் மறைத்துக் காத்த சிங்கள மக்களும் இருந்தார்கள். தீயைச் சொல்லாதவன் அவர்களையும் சேர்த்தே வரலாற்றிலிருந்து அகற்றிவிடுகிறான்.

இன்னொரு வேற்றுமையும் நம் கண்ணை உறுத்துகிறது. அதே நுவரெலியாவிலே ஹில் கிளப் 1876-இல் தொடங்கியது. கிராண்ட் ஹோட்டல் 1891 முதல் நடக்கிறது. இலங்கையரை நெடுங்காலம் உறுப்பினராகச் சேர்க்காத அந்தக் கிளப்பின் மான்கொம்புகளும், சாப்பாட்டறையின் ஆசாரங்களும், துரைமார் அமர்ந்த நாற்காலிகளும் இன்றும் துடைத்துப் பேணப்படுகின்றன. உல்லாசப் பயணிகளுக்கான நூல்கள் அவற்றைப் பக்கம் பக்கமாய் வருணிக்கின்றன. ஏப்ரல் மாதப் பருவத்திலே அங்கே உண்டவர்களின் பட்டியல் அறியப்படுகிறது. பஸ் நிலையத்தை அடுத்த தெருவிலே தோட்டத்து மக்கள் உண்ட கடைகளுக்கோ, ஒரு புகைப்படம் கிடைப்பதும் அருமை. ஹோட்டல் என்ற ஒரே சொல் துரைக்கு மாளிகையையும் கூலிக்குப் புகை படிந்த கூரையையும் குறித்தது போலவே, வரலாறு என்ற சொல்லும் இரு தெருக்களிலே இரு பொருள் பட வழங்குகிறது போலும்!

ஆகவே நினைவெழுத்தை நிறுத்துங்கள் என்று நாம் கூறவில்லை. மேலும் எழுதுங்கள் என்கிறோம். எரிந்த தெருக்களில் மக்களின் ஞாபகமே எஞ்சிய ஆவணமாகும். ஆனால் கேட்கும் கேள்வி மாற வேண்டும். எந்தக் கடையில் வடை நன்றாயிருந்தது என்று முதியவரைக் கேட்பவர், அதை அரைத்தது யார், அவருக்கு என்ன சம்பளம், இரவில் எங்கே படுத்தார், எந்த ஆண்டில் எந்தக் கடிதத்தோடு ஊருக்குப் போனார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கேட்கத் தகுந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1960-களின் இறுதியில் பத்து, பன்னிரண்டு வயதிலே கடையில் சேர்ந்த பையன்கள் இன்று எழுபதைத் தொடுகிறார்கள். கடை முதலாளிமாரின் வீடுகளிலே அடுப்பூதிய பெண்களுள் சிலர் இன்னும் பேசக்கூடிய நிலையில் இருக்கிறார்கள். அவர்களை இதுவரை நேரில் போய்க் கேட்டவர்கள் மிகச் சிலரே. பழைய வதிவிட அனுமதிச் சீட்டும், கடை உரிமப் பத்திரமும், கூப்பன் புத்தகமும் டிரங்குப் பெட்டிகளிலே இன்னும் மக்கிக்கொண்டிருக்கக்கூடும். ஹட்டனிலும் தலவாக்கலையிலும் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர், தம் வகுப்புப் பிள்ளைகளை அவரவர் பாட்டியிடம் இந்தக் கேள்விகளோடு அனுப்பினால், ஒரு தவணைக்குள் நாற்பது பக்கம் தேறும். அந்த நாற்பது பக்கத்திலே எழுத்துப் பிழை மலிந்திருக்கும். எனினும் நாம் அதனையே முதலில் படிக்க விரும்புவோம்.

அந்தப் பிள்ளைகளுள் சிலரின் அண்ணன்மார் ஏற்கெனவே படிப்பை விட்டுவிட்டுக் கொழும்பிலே உணவுக் கடைகளில் நிற்கிறார்கள். வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் மேசை துடைப்பவனிடம் ஊரைக் கேட்டால், பொகவந்தலாவை என்றோ மஸ்கெலியா என்றோ விடை வரும். பண்டிகைக்கு முந்தின இரவு அவர்கள் ஹட்டன் பேருந்திலே நின்றுகொண்டே பயணம் செய்கிறார்கள். அவர்களுள் எத்தனை பேருக்கு நியமனக் கடிதம் இருக்கிறது, சேமலாப நிதி கட்டப்படுகிறது, வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு கிடைக்கிறது என்பதை அந்தக் கடைகளின் ருசியைப் புகழ்ந்து எழுதுபவர்கள், கடை திறந்திருக்கும்போதே கேட்டு எழுதலாம்.